ஜங்ஷனுக்கு வாங்கிப் போன மாலைகள்

ஜங்ஷன் பக்கம் புதிதாக அத்தோ நூடுல்ஸ் விற்கும் தள்ளுவண்டி ஒன்று வந்திருக்கிறது. பர்மாவிலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி நடத்துகிறாள். பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் கலந்த அந்த வாசனையில், வந்த பஸ்ஸைக்கூட விட்டுவிட்டேன். நீ இருந்திருந்தால் இரண்டு தட்டு கேட்டிருப்பாய். காசு நான் கொடுத்திருப்பேன். தலைவர் என்றால் பையில் கை விடக்கூடாது என்பது உன் கொள்கை.

நாம் பர்மாவுக்குப் போனபோது, சுதந்திரத்துக்காக இங்கே சிறை போனவன் என்பதால் ரங்கூன் தமிழர்கள் உன்னைச் சங்கத்துக்குத் தலைவராக்கினார்கள். நான் உனக்குச் செயலாளர். ஊரிலிருந்து கப்பலில் யார் வந்தாலும் துறைமுகத்தில் மாலை போட்டு வரவேற்பது நம் சங்கத்து வழக்கம். மூட்டை தூக்க வந்தவனுக்கும் மாலை உண்டு. இரண்டு நாடுகளுக்கும் விடுதலை வந்ததும், திரும்பிவிடலாமா என்று ஜனங்கள் தவித்தார்கள். "பயப்படாதீங்க. உங்க உழைப்புல வளர்ந்த ஊரு இது. இங்கேயே இருங்க" என்று மேடையில் சொன்னாய். கட்டிய மூட்டையைப் பிரித்தார்கள். சில வருஷத்தில் கட்சி கூப்பிட்டது என்று நீ திருச்சிக்கு வந்துவிட்டாய். உன் பின்னாலேயே நானும் வந்தேன்.

தேர்தலில் நின்றாய். ஜீயபுரத்தில் வாழைக்கொல்லை ஓரம் ஓட்டுக் கேட்டபோது ஒருவர், "ஐயா எந்த ஊருங்க?" என்றார். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்கு அந்தக் கேள்வி. அங்கே இந்தியாக்காரன், இங்கே ரங்கூன்காரன். தோற்றோம்.

பிறகு பர்மாவில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நம் ஜனங்கள் கப்பலில் மெட்ராஸ் வந்து, அங்கிருந்து ரயிலில் இங்கே வந்தார்கள். நீ வழக்கத்தை விடவில்லை. ஸ்ரீரங்கத்தில் கூடை கூடையாக மாலை வாங்கினாய்.

"இது வேண்டாம்ப்பா" என்றேன்.

"நம்ம ஜனங்க வர்றப்ப வெறுங்கையோட நிக்கிறதா?" என்றாய்.

ஜங்ஷனில் ரயிலைவிட்டு முதலில் இறங்கியவர் ரங்கூனில் மளிகைக்கடை வைத்திருந்தவர். உன் கூட்டம் எதிலும் முன்வரிசையில் உட்காருவாரே, அவரேதான். கையில் ஒரு துணிமூட்டை. நீ மாலையைத் தூக்கினாய். அவர் மெல்லத் தடுத்தார்.

"மாலை இருக்கட்டுங்க தலைவரே. இருங்கன்னு சொன்னீங்க, இருந்தோம். இப்ப எங்க போறதுன்னும் நீங்களே சொல்லுங்க."

அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நீ தாங்கியிருப்பாய். பின்னால் நின்ற அவர் மனைவி, குழந்தைக்குப் பால் கிடைக்குமா என்று கேட்டாள். மாலைகளை பெஞ்சில் போட்டுவிட்டு இருவரும் பாலுக்கு ஓடினோம்.

அடுத்த தேர்தலுக்குக் கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். பர்மாக்காரர்கள் ஓட்டு மொத்தமும் உனக்குத்தான், இந்தமுறை ஜெயிப்பது நிச்சயம் என்றார்கள். எத்தனை காலம் ஆசைப்பட்ட பதவி! "எனக்கு அலுப்பா இருக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாய். அதன்பின் உன்னைக் கலெக்டர் ஆபீஸ் வாசலில்தான் பார்க்க முடிந்தது. ஒருவருக்கு வீட்டுமனை, இன்னொருவருக்குக் கடை வைக்க இடம். மளிகைக்காரருக்காக அலைந்தாய் பார், அப்படி உனக்காகக்கூட ஓட்டுக் கேட்டதில்லை. இடம் கிடைப்பதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டார். கொஞ்ச நாளில் நீயும் போனாய். உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. 'இங்கேயே இருங்க' என்ற அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பழி முழுவதையும் நீயே எடுத்துக்கொண்டாய்.

போன வாரம் என் தங்கை மகன் மலேயாவிலிருந்து லீவில் வந்திருந்தான்.

"மாமா, அங்கேயே குடியுரிமை வாங்கிடட்டுமா, இல்ல இங்க வந்துடட்டுமா? நீங்க சொன்னா சரி" என்றான்.

இரு என்று சொல்லவும் வாய் வரவில்லை, வா என்று சொல்லவும் வரவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று மட்டும் சொன்னேன்.