பதினொரு பூச்சியங்கள்

உப்புவெளி,
12.03.2025

அன்புள்ள மகள் சிவரூபிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் வழமைபோல் வருத்துகிறது. போனில் கதைத்தால் நீ ஒன்று கேட்பாய், நான் வேறொன்று சொல்லித் தப்பிவிடுவேன். அதனால்தான் கடிதம். உன் தங்கச்சி அனுஷியா இதைப் படமெடுத்து அனுப்புவாள்.

கடலுணவுக்கு வந்த புதிய தரவிதியால் ஏற்றுமதிக்கு என்ன நடக்கும் என்று ஜெனீவாவில் மாதிரிக் கணக்குப் போடுகிறாயே, அதில் திருகோணமலைக் கரைக்குப் பாதிப்பே இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை சந்தோசமாகச் சொன்னாய். இருபதாம் திகதி, விதியை முடிவுசெய்யும் சபையில் அதை வாசிக்கப் போகிறாயாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிள்ளை, கணவாய் மீனைக் கழுவிப் பெட்டியிடும் எங்கள் வாடியைக் கார்த்திகையிலேயே மூடிவிட்டேன். விதி கெட்டதென்று சொல்லமாட்டேன். பழுதான கணவாயைத் தின்று யாருடைய வயிறும் கெடக்கூடாதுதான். ஆனால் மாதாமாதம் கழுவும் தண்ணீரைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்கவும், பெட்டிக்குப் பெட்டி குளிரை அளந்து பதியும் கருவி வாங்கவும் ஏழு பெண்கள் வேலைசெய்யும் வாடிக்கு ஏலுமா? சான்றிதழ் இல்லாமல் ஏற்ற ஏலாது என்று லொறிக்கார நிப்றாஸ் கவலையோடுதான் சொன்னார். இப்போது நான் விடுதியொன்றின் குசினியில் சமையல் வேலைக்கு நிற்கிறேன். சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்றும், சொல்ல வெட்கப்பட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தை மாதம் உன் படிவம் வந்தது. விதியால் செலவு எவ்வளவு கூடியது, சரக்கு எத்தனை நாள் தாமதம் என்று கேட்டிருந்தாய். வாடியை மூடிவிட்டீர்களா என்று கேட்க அதில் ஒரு கட்டமும் இல்லை. அனுப்பாத சரக்குக்கு ஏது செலவு, ஏது தாமதம்? எல்லாவற்றுக்கும் பூச்சியம் போட்டேன். எழுதியதில் பொய் இல்லை என்று மனதுக்குச் சமாதானம் வேறு.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வள்ளிநாயகி, கனகரத்தினத்தார் என்று மற்றப் பத்து வாடிக்காரரும் தங்கள் படிவங்களோடு என்னிடம் வந்தார்கள். அவர்களும் மூடியவர்கள்தான். சிவரூபியின் தாய் எழுதியது பிழையாய் இராது என்று என்னுடையதை அப்படியே பார்த்தெழுதினார்கள். நானும் பெருமையாகப் பேனை கொடுத்தேன். பதினொரு படிவத்திலும் பூச்சியம் வந்தது இப்படித்தான். நீ அதைப் பாதிப்பில்லை என்று எடுத்துக்கொண்டாய்.

அடுத்த வருடம் நண்டுக்கும் இறாலுக்கும் இதே விதி என்கிறாய். நண்டும் இறாலும் பிடிக்கிற இலங்கைத்துறைக் கிராமத்துச் சனத்துக்கு ஆயத்தப்பட அவகாசம் கொடுப்பதா இல்லையா என்று உன் கணக்கைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்களாம். என் வெட்கம் அவர்கள் வயிற்றில் அடிக்கக்கூடாது.

படிவம் பிழை என்று சபையில் சொன்னால், பெற்ற தாயிடமே சரியாகக் கேட்கத் தெரியாதவள் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கணக்கில் பெயர் போடமாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் பூச்சியங்களை எடுத்துவிட்டு, மூடியவர்கள் பதினொரு பேர் என்று எழுது. அதில் முதலாவது ஆள் உன் அம்மா. வாசிக்கும்போது குரல் தடுமாறினால் கொஞ்சம் தண்ணீர் குடி, என் செல்லம். ஆனால் நிறுத்திவிடாதே.

கோணேசர் உனக்குத் துணையிருப்பார்.

உன் அம்மா,
இராசமலர்