வருகை: பதினான்கு

நிலவு நாள் 412, திங்கள். காலை 5:10

எழுதுவது சலேத்தம்மாள், பண்டகக் கணக்கு. இதைக் கண்டெடுப்பவருக்கு.

காலை ஜெபம் முடிந்தது. பிராணவாயு 33 நாள். அரிசி 61 கிலோ. ஆளில்லாக் கலம் ஒன்று வந்தது. அது இறங்கும், திரும்பாது. உள்ளே சமுதாயக் கல்லூரிக்கான பாடக் கருவிகள் 14, சேதமில்லை. மூன்று வருடத்துக்கு முன் திட்டக் குழுவில் உட்கார்ந்து நாங்கள் கேட்டவை.

ஒவ்வொன்றிலும் ஒரு மாணவர் பெயர் ஒட்டியிருக்கிறது. பன்னிரண்டு பேர் காய்ச்சலில் போய்விட்டார்கள். ஒன்பதாவதாகப் போனது ஜொவிட்டா, என் மகள். மீதி நானும் காட்வினும்தான். அவன் கீழ்த்தளத்தில் படுத்திருக்கிறான். அவனுடைய கருவியை அவன் அறை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

பூமிக்கு இது தெரியாது. நம் பேச்சை அனுப்பும் கம்பம் காய்ச்சலுக்கு முன்பே சாய்ந்துவிட்டது. அவர்கள் பேசுவது கேட்கும். இங்கிருந்து இனிப் போவது இந்தக் கருவிகள் அனுப்பும் வருகை எண்ணிக்கை மட்டும்.

நாள் 413. காலை 6:00

கருவிகள் தாமாகவே பெயர் கூப்பிட்டன. பாடம் சனிக்கிழமைதான் தொடங்குமாம். "சலேத்தம்மாள்?" "உள்ளேன்." கீழே காட்வினும் சொல்லிவிட்டான். மற்றவை மூன்று முறை கூப்பிட்டுவிட்டு நிறுத்தின. வருகை 2.

உள்பேசியில் காட்வின்: "ஏக்கா, முதல் பெஞ்சும் நான்தான், கடைசி பெஞ்சும் நான்தான். இனி எவன் என்னை முட்டி போடச் சொல்லுவான்?"

நாள் 414. மாலை 4:20

பூமியிலிருந்து, கல்லூரி அலுவலகம், சுகிர்தா: "சலேத்தம்மா, வருகை ரெண்டுன்னு காட்டுது. மெஷின் கோளாறா? சனிக்கிழமை காலைல பத்து வரலைன்னா அன்னைக்குப் புறப்படுற சாமான் கப்பலை நிறுத்திருவாங்க. விதி அப்படி. பார்த்துக்கோங்கம்மா."

விதியை எழுதியது நான். குழுவில் மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள். நிதி முழுக்கக் கோவில் கோவிலாகப் பிரித்த பணம். படிக்க ஆளில்லாத இடத்துக்கு அது போகக் கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கப்பல் புறப்படும் காலையில் பத்துப் பேர். என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

காட்வின்: "அந்தப் பன்னெண்டு பேருக்கும் உள்ளேன்னு நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுதேன்க்கா. செத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. கப்பல் வந்தா நாம ஊருக்குப் போயிரலாம்."

நாள் 415. காலை 6:00

எட்டாம் கட்டளை, பொய்ச்சாட்சி. இதுவரை மீறியதில்லை.

மேசை மேசையாக நடந்து பன்னிரண்டு பேருக்கும் சொன்னேன். உள்ளேன். உள்ளேன். ஜொவிட்டாவின் மேசைக்குக் கடைசியாகப் போனேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "நல்வரவு, ஜொவிட்டா" என்றது.

வருகை 14.

நாள் 416. காலை 11:35

காலையிலும் பதினான்கு பேருக்கும் பதில் போனது.

சுகிர்தா: "ரெண்டு நாளா முழு வருகை! இங்க எல்லாரும் கை தட்டினோம்மா. நிர்வாகம் உடனே கல்லூரில இடத்தைக் கூட்டிட்டாங்க. நாளைக்குக் கப்பல்ல இருபத்திரண்டு பிள்ளைங்க வருது. எல்லாம் பத்தொன்பது, இருபது வயசு. நல்லா சமைச்சுப் போடுங்கம்மா."

மூன்று முறை போட்டுக் கேட்டேன். இருபத்திரண்டு.

காய்ச்சல் காற்றுச் சல்லடைப் பூஞ்சையிலிருந்து வருகிறது. அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஜொவிட்டாவுக்கு இருமல் தொடங்கியது பூஞ்சை பிடித்த முதல் இரவில். ஐந்தாம் நாள் முடிந்தது.

பதில் அனுப்ப வழியில்லை. எண்ணிக்கை மட்டும்.

இரவு 9:00

காட்வினிடம் சொன்னேன். உள்பேசியில் அவன் இருமல் கேட்டது. பிறகு: "சரி விடுங்க. உள்ளதைச் சொல்லிருங்க. நாளைக்கு நான் கட் அடிக்கேன்க்கா. காலேஜுன்னா ஒரு நாளாவது கட் அடிக்கணும்லா?"

ஜெபமாலை சொன்னேன். எத்தனை மணி உருட்டினேன் என்பது தவறிவிட்டது. முன்பு தவறியதில்லை.

நாள் 417, சனி. காலை 6:00

கூப்பிட்டது. நான் என் மேசையை விட்டு எழவில்லை.

"ஜொவிட்டா? நேற்று வந்தீர்களே. ஜொவிட்டா?"

மூன்று முறை.

காட்வினையும் மூன்று முறை. உள்பேசியில் அவன் கருவியின் குரல் மட்டும் கேட்டது. இருமல் கேட்கவில்லை. கட் அடித்திருக்கிறான். கீழே இறங்கிப் பார்க்கவில்லை.

"சலேத்தம்மாள்?"

உள்ளேன்.

வருகை 1. கணக்கு சரி.

6:40

சுகிர்தா: "என்னம்மா ஆச்சு? சலேத்தம்மா? கப்பலை நிறுத்திட்டாங்க. பிள்ளைங்களை எல்லாம் இறக்கிட்டாங்க... அங்க யாராவது இருக்கீங்களா?"

இறக்கிவிட்டார்கள். இருபத்திரண்டு. ஸ்தோத்திரம்.

பிராணவாயு 28 நாள்.

7:00

கருவி பாடத்தைத் தொடங்கியது. பாடம் ஒன்று: காற்றுச் சல்லடையைப் பூஞ்சையில்லாமல் சுத்தம் செய்தல். நோட்டில் எழுதிக்கொண்டேன். வெந்நீர், சோடா உப்பு, மூடியை ஒருவர் தூக்கிப் பிடிக்க மற்றவர்...

"இந்த வேலைக்கு இருவர் தேவை. பக்கத்து மேசையில் இருப்பவரைத் துணைக்கு அழைக்கவும்."

காத்திருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பச் சொல்கிறது.

பக்கத்து மேசை ஜொவிட்டாவுடையது.