அழுத்தினால் பேசும் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை ஒருவருக்கும் காட்ட வேண்டாம், அப்பாவுக்குக்கூட. அவர் சித்தியிடம் சொல்லிவிடுவார். நான் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி? 

நான் இங்கே அவர் வீட்டில் தங்கிப் படிப்பதால், பள்ளிச் சோதனை முடியும்வரை உங்களோடு கதைக்கக் கூடாது என்று சித்தி என் போனை வாங்கி வைத்துவிட்டார். பள்ளி தந்த மடிக்கணினியில் எந்தச் செயலியும் ஏற்ற முடியாது. ஆனால் ஒலியும் படமும் ஓட வேறொன்றும் வேண்டாம், இணையம் பார்க்கும் உலாவியே போதும் என்று வகுப்பில் படித்தோம். அதனால் நானே ஒரு வலைப்பக்கம் செய்து, மின்னஞ்சலில் இருந்த உங்கள் பழைய குரல் பதிவை அதில் போட்டேன். வகுப்பில் அதைத் திறந்தபோது சத்தம் தானாக வரவில்லை. பிழை விட்டேனோ என்று பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்தினேன்.

"பிள்ளை, சாப்பிட்டியோ?"

வகுப்பு முழுக்கக் கேட்டது. பின்னாலிருந்து யனுஷன், "ஓம் அன்ரி, சாப்பிட்டிட்டன்" என்றான். நானும் சிரித்தேன்.

இதைக் கொண்டுவருபவர் என் வகுப்புத் தோழி தனுஷியாவின் அம்மா; அவருடைய போனில் புதிதாகப் பேசிப் பதிந்துவிடுங்கள். அதைத் தனுஷியா எனக்கு மின்னஞ்சலில் அனுப்புவாள். புத்திமதி வேண்டாம், சமைத்துக்கொண்டே கதையுங்கள். தினமும் அதைக் கேட்டுப் படித்து, சோதனையில் நிச்சயம் தேறிவிடுவேன். கடைசியில் என்னை வீட்டுப் பெயரால் கூப்பிடுங்கள். இங்கே ஒருவரும்

சித்தி கதவைத் தட்டுகிறார்.