நாலு விரல் துணி

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பாவின் பரீட்சை முடிந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டு, அவளோடு உங்கள் அம்மா வீட்டுக்கு வந்து சேரும்படி எழுதியிருந்தீர்கள். "ஓசியில துணி தைக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று போனிலும் கேட்டீர்கள்.

ஆமாம், ஓசிதான். பள்ளிக்கூடத்துப் பாட்டு நாடகத்துக்கு முயல், கரடி, காக்கா எல்லாம் என் மிஷினில்தான் பிறக்கின்றன. பாப்பா நரி. வாலுக்குத் தோதான துணி கடை கடையாய் ஏறியும் கிடைக்கவில்லை. நீங்கள் பத்திரமாக வைக்கச் சொன்ன பழுப்பு கோட்டுதான் கைகொடுத்தது. வால் அமர்க்களமாக வந்திருக்கிறது.

நேற்று நரி உடுப்பை அவளுக்குப் போட்டுப் பார்த்தபோது பாட்டு டீச்சர் உள்பக்கத்தைப் புரட்டினார்.

"மடிப்புல நாலு விரல் துணி விட்டிருக்கீங்களே, எதுக்கு?"

"வளர்ற பிள்ளை டீச்சர். அடுத்த வருஷம் பிரிச்சு விட்டா அவளுக்கே ஆகும்."

"நீங்க ஊரை விட்டுப் போறதா கேள்விப்பட்டேனே?"

"போனது அவ அப்பா மட்டும்தான்," என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாடகம். வருவதானால் முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கிறேன். உங்கள் கோட்டு மேடையில் ஆடும். பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
நரியின் அம்மா