சத்தம் அடங்கிய மூச்சு

இங்குன் அக்கா,

"படிப்பையும் விட்டுட்டு, அந்த நோட்டுல அப்படி என்னதான்டி எழுதுற?" என்று கேட்டாயே. உன் பிள்ளை பிழைத்தது அதனால்தான். இப்போது நன்றாக இருக்கிறான், பயப்படாதே.

காலையில் நம் பயல் எஸ்கில் மூச்சை இழுக்கும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். குளிர்காற்று பட்டால் தொண்டை வீக்கம் குறையும் என்று பால்கனிக் குளிரில் வைத்திருந்தோம். சத்தம் அடங்கியது. "சரியாயிடுச்சு, தூங்கட்டும்" என்றார் ஹால்வர்ட் அத்தான். ஆனால் விலா குழிந்துகொண்டே இருந்தது. போன வருடம் அவனுக்கு இப்படி வந்தபோது நர்ஸ் சொன்னது என் நோட்டில் இருந்தது: விலா குழியும்போது சத்தம் அடங்கினால், தொண்டை வீக்கம் கூடியிருக்கிறது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

"சத்தம் நின்னதை நம்பாம வந்தியே, கெட்டிக்காரி" என்றார் டாக்டர். வீக்கம் வடிந்துவிட்டது. பயல் வாஃபிள் கேட்கிறான்.

அவன் கம்பளித் தொப்பியை எடுக்க நானும் அத்தானும் வீட்டுக்கு வந்தோம். மீன் சூப் அடுப்பில் இருக்கிறது, குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வா.

தோருன்

பி.கு. நோட்டைத் தேடாதே. டாக்டரிடம் காட்ட அத்தானே எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்.