அந்தப் பழைய ஆக்சில் வேண்டாம்

ரிங்லெட்,
சனிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு, சுகு வணக்கத்தோட எழுதுறேன். உங்க முட்டிவலி, அப்பாவோட இருமல் ரெண்டும் எப்படி இருக்கு? எனக்கு ஒண்ணுமில்லை, மழையோட சேர்ந்து மூக்கும் ஒழுகுது, அவ்வளவுதான்.

விருந்தாளிகளுக்கு மலையைச் சுத்திக் காட்டுற தேயிலைத் தோட்டத்து ஜீப், பின் ஆக்சில் ஒடிஞ்சு படுத்துடுச்சு. "வண்டியை நீ சரிபண்ணி ஓட வெச்சாத்தான் உனக்குத் தீபாவளி லீவு"ன்னுட்டார் பட்டறை ஃபோர்மன் கனகராஜண்ணன். ஈப்போவிலிருந்து புதுசு வர தீபாவளி தாண்டிடும். ஸ்டோர்ல பழசு ஒண்ணு கிடந்தது. "துடைச்சுப் பார்த்து, ஆகுமான்னு நீயே சொல்லு லா"ன்னார்.

மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சேன். சக்கரத்துல மாட்டுற நுனிப் பல்லெல்லாம் லேசா திருகியிருந்தது, பாரம் ஏறினா ஒடிஞ்சிடும். அங்க நீங்க அச்சுமுறுக்கு சுடுவீங்க, இங்க வண்டி அச்சே முறுக்கிக்கிட்டுக் கிடக்கு! கிரீஸ் பூசினா யாருக்கும் தெரியாது, நானும் பஸ் ஏறியிருப்பேன். ஆனா அதை ஓட்டப்போறவர் டிரைவர் முனியாண்டியண்ணன். இறக்கத்துல ஒடிஞ்சா பக்கத்துல பள்ளம்தான்.

"இது ஆகாதுண்ணே."

"அப்ப உன் லீவு?"

"அதுவும் ஆகாது"ன்னு சிரிச்சு வெச்சேன்.

சுத்தியும் தேயிலை, மேல பனிமூட்டம். மூடி போட்ட சட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும்மா. கை நீளமா ஒரு கம்பளிச் சட்டை அனுப்புங்க. எனக்கு எடுத்த தீபாவளிச் சட்டையைத் தம்பிக்குக் கொடுத்துடாதீங்க, மடிச்சே இருக்கட்டும்.

தபால் லோரி ஹாரன் அடிக்குது. அப்பா கேட்டா தோட்டத்துத் துரை லீவு தரலைன்னு சொல்லிடுங்க. நானேதான் கெடுத்துக்கிட்டேன்னு சொல்லாதீங்க.

உங்க மகன்,
சுகுமாரன்