கறுப்புக் கட்டத்துக்குள் ஸ்தோயன்கா

ஏப்ரல் 15, திங்கள்

லோகோவும் இணையதளமும் புதுப்பிக்க வந்தவள் ஊன்றுகோல் துடைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர் யாம்போலின் ‘கைத்தாங்கல்’ அமைப்பில் பயிற்சிக்குச் சேர்ந்து ஒரு வாரம். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் இலவசமாக இரவல் தருகிறார்கள். தந்தது எதுவும் திரும்பி வருவதில்லை. இன்றைய நிலவரப்படி கிடங்கில் ஜோடியில்லாத ஊன்றுகோல் மூன்று, டிரைவர் கென்கோ மாமாவின் சைக்கிள் ஒன்று.

காலை ஒன்பதுக்கு ஷிவ்கா அம்மாவின் ஃபோன். தினமும் அதே ஒன்பது, அதே கேள்வி. “நாற்காலி வந்துதா கண்ணு?” “இன்னும் இல்லைம்மா.” அவர் கணவர் பிப்ரவரியிலிருந்து கட்டிலைவிட்டு இறங்கவில்லையாம். வெயில் பார்க்க ஆசைப்படுகிறாராம். வடிவமைப்பு படித்தவளிடம் ஏன் இதையெல்லாம் சொல்கிறார்கள்?

ஏப்ரல் 18

பழைய லோகோவை இன்றுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். சூரியன், புறா, இதயம், இரண்டு கை, நாற்காலி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ரோஜா. இத்தனையும் தபால்தலை அளவுக்குள்! வரைந்தவர் தலைவி ஸ்தோயன்கா அம்மா. “ரோஜாவை எடுத்தா நானும் எழுந்து போயிடுவேன், பார்த்துக்கோ” என்றார்.

இணையதளத்தைத் திறந்தால் கிளாரினெட் வாசிக்கிறது. நிறுத்த வழியில்லை. கடவுச்சொல் தெரிந்தவன் ஸ்தோயன்கா அம்மாவின் அக்கா மகன், ஜெர்மனியில் இருக்கிறான். இவர்களோடு பேச்சுவார்த்தை இல்லை.

மே 7

புது லோகோ காட்டினேன். ஒரே ஒரு கோடு, சாய்ந்துகொள்ளத் தரும் தோள் மாதிரி வளைந்திருக்கும். மூன்று வாரம் உயிரைக் கொடுத்துச் செய்தது.

ஸ்தோயன்கா அம்மா கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். “கோட்டைப் போட்டுட்டு மீதியை மறந்துட்டியாடி?”

“வாழைப்பழம் நல்லா வந்திருக்கு” என்றார் கென்கோ மாமா.

என் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் ஸ்தோயன்கா அம்மா மேசையைத் தட்டினார். “இதோ பாரு சோர்னி. உன் வேலையைப் பார்த்துட்டு ஒருத்தன், ஒரே ஒருத்தன், எடுத்துட்டுப் போன நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கட்டும். உன் கல்லூரிக் காகிதத்துல கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா இல்லை.”

மே 31 கடைசி நாள். கையெழுத்து இல்லையென்றால் பட்டம் அடுத்த வருடம்தான். இன்னொரு வருடம் அப்பாவின் முகத்தில் முழிக்க வேண்டும். கடவுளே.

மே 16

சுவரொட்டி முடிந்தது. அமைப்புக்கு இருபது வயதாகிறது, அதற்கு விழா. வெள்ளைத் தாள், சுற்றிலும் தடித்த ஆரஞ்சுக் கட்டம், நடுவில் ஸ்தோயன்கா அம்மாவின் படம். சிரிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்ததால் கடவுச்சீட்டுப் படம்தான் கிடைத்தது. கீழே:

*2004 – 2024. இருபது ஆண்டுகள் நம்மோடு. ஸ்தோயன்கா கரபெலோவா. மே 25, சனி, காலை 11 மணி, கிடங்கு வாசல். வாருங்கள்.*

கீழ் மூலையில் என் கோடு. என்ன நிதானம், என்ன வெற்றிடம்! நானே என்னை மெச்சிக்கொண்டேன். அச்சடித்து ஒட்டுவது கென்கோ மாமா பொறுப்பு. எனக்குச் சோஃபியாவில் கல்லூரி மதிப்பீடு இருக்கிறது.

மே 22, சோஃபியா

பேராசிரியர் சுவரொட்டியைத் திரையில் பார்த்து “துணிச்சல்” என்றார். பாராட்டா, திட்டா?

மே 24, வெள்ளி

யாம்போல் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் முதல் கம்பத்தில் பார்த்தேன். கறுப்புக் கட்டம். அதற்குள் சிரிக்காத ஸ்தோயன்கா அம்மா. 2004 – 2024.

அடிப்பாவி! பிறந்ததிலிருந்து இந்த ஊரில் எத்தனை மரண அறிவிப்பு பார்த்திருப்பேன்? ஒவ்வொரு கம்பத்திலும், ஒவ்வொரு கதவிலும், அதே கறுப்புக் கட்டம், அதே படம், எத்தனை மணிக்கு எங்கே அடக்கம் என்ற அதே வரிகள். ஆரஞ்சு நிறத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு உறைக்கவே இல்லை.

கென்கோ மாமா ரொட்டி தின்றுகொண்டிருந்தார். “கலர் மை தீர்ந்துபோச்சு. கறுப்புலயும் நல்லாத்தானே இருக்கு? நான் ஒட்டறப்பவே நாலு பேர் தொப்பியைக் கழட்டினாங்க. நம்ம அம்மாவுக்கு என்ன மரியாதைன்னு நினைச்சேன்.”

இருநூறு ஒட்டியிருக்கிறார். கிழிக்க ஓடினேன். மூன்றாவதிலேயே ஒரு அம்மா குடையோடு துரத்தினார். “செத்தவங்க படத்தைக் கிழிக்கிறியே, நீ உருப்படுவியா?” — அவங்க சாகலைன்னு கத்தினேன். யார் நம்புவா?

ஸ்தோயன்கா அம்மா பூர்காஸில் தங்கை வீட்டில் இருக்கிறார். நாளை காலை நேராக விழாவுக்கு வருகிறார். ஃபோனை எடுக்கவில்லை. என் பட்டம் போச்சு. போச்சு, போச்சு, போச்சு.

மே 25, சனி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பத்தரைக்கே கூட்டம். எல்லோரும் கறுப்பில். கையில் பூங்கொத்து, எல்லாம் இரட்டைப்படை, இறந்தவர்களுக்குக் கொடுக்கிற கணக்கு. ஒரு அம்மா, சாவு வீட்டில் பரிமாறுவதுபோல, வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவிக் கொண்டுவந்திருந்தார். பூவுக்குப் பின்னால் — நாற்காலிகள்! தள்ளிக்கொண்டும், காரின் மேல் கட்டிக்கொண்டும். குனேவ் என்றொருவர் மூன்று ஊன்றுகோலைக் கட்டிப்பிடித்தபடி அழுதார். “உயிரோட இருந்தப்ப முகத்தைப் பார்க்க வெட்கமா இருந்துச்சு. செத்தவங்க பொருளை வீட்டுல வச்சுக்க மனசு வரலை.”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். பதினோராவது நாற்காலி உள்ளே வந்துகொண்டிருந்தது. மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் ஸ்தோயன்கா அம்மா, கையில் பையோடு, தெருமுனையில் திரும்பினார்.

ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். அம்மா கதவில் இருந்த தன் அறிவிப்பை முழுதாகப் படித்தார். என்னைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய்க் குனேவிடம் நின்றார்.

“ஏழு வருஷமா எங்கிட்ட இல்லை, எங்கிட்ட இல்லைன்னு சாதிச்சியே! நான் செத்தாத்தான் தருவேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா, முன்னாடியே செத்திருப்பேனே!”

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். அம்மா ஒவ்வொரு கொத்திலிருந்தும் ஒரு பூவை உருவி ஒற்றைப்படை ஆக்கினார். “இப்ப உயிரோட இருக்கறவளுக்கு. கொடுங்க.” உருவிய பூவையெல்லாம் என் கையில் திணித்தார். கோதுமையை எல்லோரும் தின்றோம். நன்றாகவே இருந்தது.

என் காகிதம் கையெழுத்தில்லாமல் மேசையிலேயே கிடக்கிறது.

மே 27, திங்கள்

ஒன்பது மணி. ஷிவ்கா அம்மா, தழுதழுத்த குரலில். “ஸ்தோயன்கா போயிட்டாங்களாமே கண்ணு. இனிமே நான் யாருகிட்ட கேக்கறது?”

ஸ்தோயன்கா அம்மா ஃபோனைப் பிடுங்கினார். “நான்தாண்டி பேசறேன். செத்தாலும் ஒன்பது மணிக்கு விட மாட்டியா? நாற்காலி கிளம்பிடுச்சு. அவருக்குச் சட்டையை மாட்டு!”

வைத்துவிட்டு என் காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். ‘மாணவியின் பங்களிப்பு’ என்ற இடத்தில் எழுதியிருக்கிறார்: “இந்தப் பெண் என்னைக் கொன்றாள். பலன் கிடைத்தது.”

இதை நான் எப்படிக் கல்லூரியில் கொடுப்பேன்?

ஜூன் 9, ஞாயிறு

ஆற்றோரப் பூங்காவில் ஷிவ்கா அம்மா. அருகில் நாற்காலியில் அவர் கணவர், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, கால்களை வெயிலில் நீட்டியபடி.

நாற்காலியின் முதுகில் என் லோகோ. கென்கோ மாமா தலைகீழாக ஒட்டியிருக்கிறார். வாழைப்பழமேதான். பிய்த்து ஒட்டலாம் என்று கையை நீட்டினேன்.

“தூங்கறார் கண்ணு” என்றார் ஷிவ்கா அம்மா.

விட்டுவிட்டேன்.